பயிற்சி முடிந்தபிறகு பெற்றோரின் நம்பிக்கை மார்க் குறைந்துவிட்டது, எங்கே தப்பு?

கோத்தகிரிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் களப்பணி பார்க்கிறேன். படித்தது சமூகப்பணி, புள்ளியியலில் ஒரே ஒரு பேப்பர் எழுதி எப்படியோ தேறியதோடு சரி. கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்களுக்கு எட்டு வாரப் பயிற்சி ஒன்று நடத்தினோம். வாரத்தில் ஒரு நாள், தேயிலை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற நேரம் பார்த்து, சமுதாயக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம். நேற்றுவரை மடியில் வந்து விழுந்த பிள்ளை இன்றைக்கு ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறது, அது கத்தும்போது நாம் என்ன செய்வது, செல்போன் சண்டை, பரீட்சை பயம், இந்த மாதிரி விஷயங்கள்தான். பணம் கொடுத்தவர்கள் கேட்டது இரண்டே எண். பெற்றோருக்குத் தங்கள்மேல் உள்ள நம்பிக்கை எவ்வளவு கூடியது, பிள்ளைகளின் மனநலம் எவ்வளவு தேறியது.

பெற்றோருக்கு நாங்களே பத்துக் கேள்வி எழுதினோம். "என் பிள்ளையை நல்லபடியாக வளர்க்க எனக்குத் தெரியும்", "என் பிள்ளையின் மனதில் இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியும்" என்கிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. பிள்ளைகளுக்கு, அவர்களின் மனநலத்தைப் பார்க்கிற எஸ்டிக்யூ என்கிற 25 கேள்வியை கூகுள் ஃபார்மில் போட்டு, அம்மாவுடைய செல்போனிலேயே நிரப்பச் சொன்னோம். இணையத்தில் கிடைத்ததைத்தான் எடுத்தோம், இரண்டு மூன்று வாக்கியம் கரடுமுரடாக இருந்ததால் நானே கொஞ்சம் மாற்றினேன்.

முன்னும் பின்னும் நிரப்பியவர்கள் 38 பேர். முதல் நாள் பெற்றோரின் சராசரி 50-க்கு 46. எட்டு வாரம் கழித்து 41! பிள்ளைகளின் 'சிரமங்கள்' மார்க் (இது குறைந்தால்தான் நல்லது) 40-க்கு 13 இருந்தது 12 ஆனது, அவ்வளவுதான்.

ஆனால் கூடத்தில் நான் பார்த்தது வேறு. முதல் வாரம் எல்லாக் கேள்விக்கும் யோசிக்காமல் 5 போட்ட ஒரு அம்மா, கடைசி வாரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியில் நின்றுவிட்டார். பிள்ளையின் மனதில் இருப்பது புரியுமா என்கிற அந்தக் கேள்வி. "அன்னைக்கு எல்லாம் புரியும்னு நெனச்சேன், இப்பதான் தெரியுது ஒண்ணுமே புரியலன்னு" என்று சிரித்துக்கொண்டே 3 போட்டார். எனக்கென்னவோ அந்த எட்டு வாரத்தில் நடந்த நல்ல விஷயமே அதுதான் என்று தோன்றியது. அறிக்கையில் அது இறங்குமுகம்.

நாங்கள் ஏதாவது கெடுத்துவிட்டோமா, இல்லை அளந்ததில் தப்பா? ஜூனில் அடுத்த குழு ஆரம்பிக்க வேண்டும்.


குன்னூர் நிழல்:

முதலில் ஆறுதல், அப்புறம் திட்டு.

அந்த அம்மா முதல் நாள் 5 போட்டபோது 'புரிந்துகொள்வது' என்றால் அவர் மனதில் இருந்தது பிள்ளைக்குப் பசியா, காய்ச்சலா, வாத்தியார் அடித்தாரா என்பது. எட்டு வாரம் உங்களோடு உட்கார்ந்தபிறகு அதே சொல் அவருக்குப் பெரிதாகிவிட்டது. முழம் போடுகிற கையே நீண்டுவிட்டால் பூ குறைந்த மாதிரிதான் தெரியும். பயிற்சிகளை அளக்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது இதில் மாட்டியிருப்பார்கள், 1979-லேயே ஹோவர்டு, டெய்லி என்கிற இருவர் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்ன மாற்று வழி சுலபமானது. கடைசி நாளில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு கட்டம் கொடுங்கள்: "இப்போது எப்படி", "இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் பயிற்சிக்கு முன்னால் எப்படி இருந்தீர்கள்". இரண்டையும் ஒரே கையால் அளந்த மாதிரி ஆகிவிடும். இதிலும் ஓட்டை உண்டு, எட்டு வாரம் மெனக்கெட்டு வந்தவர் "ஒன்றும் மாறவில்லை" என்று போட மனசு வராமல் பழசைக் குறைத்துப் போடுவார். அதனால் முதல் நாள் அளவை விட்டுவிடாதீர்கள், அதோடு சேர்த்து இதையும் எடுங்கள்.

இன்னொன்று, 50-க்கு 46-இல் ஆரம்பித்தால் ஏறுவதற்கு எங்கே இடம்? தொட்டபெட்டா உச்சியில் நிற்கிறவரை இன்னும் மேலே ஏறச் சொல்கிறீர்கள். உங்கள் கேள்விகள் அப்படி. "என் பிள்ளையை நல்லபடியாக வளர்க்க எனக்குத் தெரியும்" என்று ஒருவர் வந்து கேட்டால் எந்தத் தாய் தெரியாது என்பாள்? அது மரியாதைக் கேள்வி, சாப்பிட்டீர்களா என்று கேட்பது போல. பதிலும் மரியாதைப் பதிலாகத்தான் வரும்.

'இதை என்னால் செய்ய முடியும்' என்கிற சுயதிறன் நம்பிக்கை பற்றி அதிகம் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா, இதை அளக்கக் கேள்வி எப்படி அமைப்பது என்று 2006-இல் ஒரு வழிகாட்டியே எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே அளவுகோல் கிடையாது, குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லி அதை உன்னால் செய்ய முடியுமா என்று கேள், சுலபத்திலிருந்து கஷ்டம் வரை படிப்படியாகக் கேள் என்பதுதான் அதன் சாரம். பதிலுக்கு 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக. உங்கள் விஷயத்தில் எப்படி இருக்கும் என்றால், பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் பள்ளியில் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா என்பது முதல் படி. மார்க் குறைந்து வந்த நாளில் கத்தாமல் பேச முடியுமா என்பது இரண்டாவது. நாள் முழுக்க இலை எடுத்து இடுப்பு ஒடிந்து வந்த சாயங்காலத்தில், மாமியாரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதே பேச்சைக் கத்தாமல் பேசி முடிக்க முடியுமா என்பது மூன்றாவது. இதற்கு யாரும் கண்ணை மூடிக்கொண்டு 100 போட மாட்டார்கள். முதல் நாள் 30 போட்டவர் கடைசி நாள் 50 போட்டால் அதில் உங்கள் பயிற்சி தெரியும்.

தயாராக உள்ள கேள்வித்தாள்தான் வேண்டும் என்றால் 1978-இல் கிபாட்-வால்ஸ்டனும் வாண்டர்ஸ்மனும் உருவாக்கியது ஒன்று இருக்கிறது, 17 வாக்கியம், ஆறு படி. 1989-இல் ஜான்ஸ்டனும் மாஷும் அதை நாலு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் பெற்றோரிடம் சோதித்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, 'என்னால் முடிகிறது' என்பதையும் 'இதில் எனக்கு நிறைவு இருக்கிறது' என்பதையும் தனித்தனியாகக் கூட்டுவது. இரண்டும் ஒன்றாக ஏறி இறங்க வேண்டியதில்லை. நன்றாகவே வளர்த்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிற அம்மாக்களை உங்களுக்கும் தெரியும்.

இனி திட்டு. எஸ்டிக்யூவை வாக்கியம் மாற்றக் கூடாது. 1997-இல் ராபர்ட் குட்மன் வெளியிட்டது அது, லாப நோக்கமில்லாதவர்கள் தாளில் நகல் எடுத்துக்கொள்ள இலவசம், ஆனால் செல்போன், கணினி வடிவம் என்றால் அனுமதி வாங்க வேண்டும். தமிழ் வடிவம் எஸ்டிக்யூவின் இணையதளத்திலேயே இருக்கிறது. கூகுள் ஃபார்மை முதலில் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது காலம். சாதாரண எஸ்டிக்யூ கடந்த ஆறு மாதத்தைப் பற்றிக் கேட்கும். எட்டு வாரம் கழித்து அதையே கொடுத்தால் பிள்ளை பயிற்சிக்கு முந்தைய நாலு மாதத்தையும் சேர்த்துத்தான் பதில் போடும். இதற்கென்றே கடந்த ஒரு மாதத்தை மட்டும் கேட்கிற பின்தொடர் வடிவம் தனியாக உண்டு.

13 என்பது 12 ஆனதில் சந்தோஷப்படவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். பிள்ளைகளே நிரப்பும் தாளில் 14 வரை சராசரிக்குப் பக்கம் என்றுதான் வைத்திருக்கிறார்கள், அந்த வரம்பும் பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போட்டது. பெரிய சிரமம் இல்லாத பிள்ளைகளிடம் சிரமம் எவ்வளவு குறைந்தது என்று தேடினால் என்ன கிடைக்கும்? 38 பேரில் ஒரு புள்ளி என்பது காற்றடித்தாலே ஆடுகிற அளவு. அவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓ-5 கேள்வித்தாள் போதும். 1998-இல் வந்தது, ஐந்தே வாக்கியம், கடந்த இரண்டு வாரம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு வந்துவிடும். 50-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், 10 புள்ளி மாறினால் பொருட்படுத்த வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, அம்மாவின் செல்போனில், அம்மா பக்கத்தில் இருக்க, "நான் அடிக்கடி அழுகிற நிலையில் இருக்கிறேன்" என்று எந்தப் பிள்ளை அழுத்தும்?


பந்தலூர் வாத்தியார்:

தங்கச்சி, குன்னூர்க்காரர் கணக்கைச் சொல்லிவிட்டார், நான் வகுப்பறையைச் சொல்கிறேன். பந்தலூரில் அரசுப் பள்ளியில் வேலை. இந்த எஸ்டிக்யூவை எங்கள் பள்ளியிலும் ஒரு தடவை கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"பல விஷயங்களுக்குப் பயப்படுவேன், சுலபமாகப் பயந்துவிடுவேன்" என்று ஒரு கேள்வி வரும். எங்கள் ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் "நிச்சயமாக உண்மை" போட்டார்கள். வந்தவர்கள் பதறிப்போனார்கள். என்னப்பா பயம் என்று நான் ஒரு பையனைக் கேட்டேன், "ஆனைதான் சார்" என்றான். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் வருகிற பிள்ளை, முந்தின ராத்திரி லைன் வீட்டுப் பக்கம் வாழையை முறித்துப் போட்டுப் போயிருக்கிறது, காலையில் பயப்படாமல் வந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும். அந்தப் பயத்துக்கு ஒரு பிள்ளைக்கு 2 மார்க் சிரமம் ஏறியது.

"வழக்கமாகத் தனியாக இருப்பேன்" என்பதும் அப்படித்தான். அம்மா அப்பா இரண்டு பேரும் தோட்டத்தில், பக்கத்து வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளி விட்டுப் போனால் யாரோடு விளையாடும்? அது பிள்ளையின் குணம் இல்லை, வீடு இருக்கும் இடம். தலைவலி, வயிற்றுவலி, குமட்டல் என்று ஒரு கேள்வி. வளைவு வளைவாக பஸ்ஸில் வருகிற பிள்ளைக்குக் குமட்டாமல் என்ன செய்யும்? வயிற்றுவலியில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அந்தப் பொங்கலும் உப்புமாவும் நின்றுபோகிறது. ஜூன், ஜூலையில் புதிதாக ஆறாவது சேர்ந்த பிள்ளைகள் பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அது மனசா, பசியா என்று அந்த 25 கேள்வியில் எதுவும் உங்களுக்குச் சொல்லாது. நீங்கள் ஜூனில் முன் அளவு எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

நான் கேள்வித்தாளே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. ஒரு பிள்ளையை அது காட்டிக் கொடுத்தது, அதையும் சொல்ல வேண்டும். வகுப்பில் வாயாடி, எப்போதும் சிரிப்பு, எனக்கு அவளைப் பற்றிக் கவலையே கிடையாது. அவள் தாளில் ஒரு கேள்விக்கு மட்டும் போட்டதை அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து, தாள் அந்த இடத்தில் பொத்தலே விழுந்துவிட்டது. கவலை நிறைய உண்டு என்கிற கேள்வி. கடைசியில் "உண்மை இல்லை" என்றுதான் போட்டிருந்தாள். கணினியில் ஏற்றியவர்களுக்கு அது வெறும் 0. நான் தாளைக் கையில் வைத்துப் பார்த்ததால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். வீட்டில் அப்பா வேலைக்குக் கீழே திருப்பூர் போய் மாதக்கணக்காகப் பணம் வரவில்லை.

அப்புறம் மொழி. எங்கள் வகுப்பில் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள், 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்கள் பேச்சு ஒரு மாதிரி. வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் உண்டு. பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியே வேறு. உங்கள் பக்கம் படுகு. 'மனச்சோர்வு' என்கிற சொல்லை நம் பிள்ளைகள் செய்தியில்தான் கேட்டிருப்பார்கள், "ஒரு மாதிரி இருக்கு", "மனசே சரியில்ல" என்றுதான் சொல்லும். வாக்கியத்தை மாற்றக் கூடாது என்று அவர் சொல்வது சரி, ஆனால் கொடுப்பதற்கு முன்னால் நாலு பிள்ளையை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் வாசித்து, "உனக்கு இது என்ன புரியுது, உன் வாயால சொல்லு" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வி இந்த ஊரில் வேறு அர்த்தம் கொடுக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும், அந்தக் கேள்வியின் மார்க்கைப் பிறகு எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

தாளை வாத்தியார் கையில் கொடுக்கச் சொல்லாதீர்கள். நான் பெஞ்சுக்கு நடுவே நடந்தாலே பிள்ளைகள் கையால் மறைத்துக்கொண்டார்கள், பரீட்சை என்று நினைத்து ஒருவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினான்! அன்றைக்கு நான் வராந்தாவில் போய் நின்றிருக்க வேண்டும்.


கட்டபெட்டு அப்பா:

நான் இந்த மாதிரி ஒரு பயிற்சிக்குப் போய் வந்த அப்பன். எந்த அமைப்பு என்று சொல்லவில்லை, நல்லவர்கள், டீயும் வடையும் நன்றாக இருந்தது.

முதல் நாள் நானும் எல்லாவற்றுக்கும் 5 போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இங்கே சொல்கிறேன். பெயர், ஊர், பிள்ளை படிக்கிற பள்ளி எல்லாம் மேலே எழுதச் சொல்லிவிட்டு, கீழே "உங்கள் பிள்ளையைச் சமாளிக்க முடிகிறதா" என்று கேட்டால், குறைத்துப் போட்டால் எங்கே போய் என்னவென்று எழுதிவைப்பார்களோ என்று இருக்காதா? எழுதியது நாளைக்குத் தலைமையாசிரியர் மேசையில் இருக்காது என்று என்ன உத்தரவாதம்? இன்னொரு பக்கம், கடைசி நாள் குறைத்துப் போட்டால் பயிற்சி கொடுக்கிற இந்தப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்து பாடுபட்டார்களே, அவர்கள் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எங்கள் வரிசையில் இருந்த ஒரு அம்மா கூட்டிப் போட்டார். அளந்தது எங்களையா, எங்கள் நல்ல மனசையா?

மழை நாளில் பச்சை இலையை எடைக்குக் கொண்டுபோனால் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள், சண்டை போட்டாலும் அது நியாயம்தான் என்று எங்களுக்கும் தெரியும். உங்கள் தாளில் ஈரத்தை யார் கழிக்கிறார்கள்? இலை விலை விழுந்த மாதத்தில் வீட்டுக்கு வீடு சண்டை, பிள்ளைக்கு எதற்கெடுத்தாலும் ஏச்சு, விலை கொஞ்சம் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை கோழி, எல்லாரும் நல்ல அப்பா அம்மா. உங்கள் எட்டு வாரத்தில் விலை என்ன ஆனது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 38 பேரில் அப்பாக்கள் எத்தனை? ஆரம்பித்தபோது எத்தனை பேர், முடிக்கும்போது எத்தனை பேர்? எங்கள் கூட்டத்தில் வீட்டில் பெரிய பிரச்சினை உள்ளவர்கள் மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிட்டார்கள். கடைசிவரை வந்தது என்னை மாதிரி பெரிய கஷ்டம் இல்லாத ஆட்கள்.


கோத்தகிரிக்காரி:

அண்ணா, கோபமெல்லாம் இல்லை, ராத்திரி தூக்கம்தான் போனது. ஆரம்பித்தது 61 பேர், முடித்தது 38. அப்பாக்கள் 5. நின்றுபோன 23 பேரின் முதல் நாள் தாள் அலமாரியில் இருக்கிறது, அதை எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. நேற்று எடுத்துப் பார்த்தேன், அவர்கள் பிள்ளைகளின் சிரமங்கள் மார்க்தான் அதிகம். யாருக்காகப் பயிற்சி வைத்தோமோ அவர்கள் எண்ணிக்கையிலேயே இல்லை. இலை விலையைக் குறித்து வைக்கவில்லை, இனிமேல் வைப்பேன்.

வாத்தியார் அண்ணா சொன்னதை உடனே செய்து பார்த்தேன். எங்கள் அலுவலக வராந்தாவில் ஏழு பிள்ளைகள், தாளும் பென்சிலும். பெயர் இல்லை, எண் மட்டும். புதிய சூழ்நிலையில் பதற்றமாகும் என்கிற வரியை வாசித்து என்ன புரிகிறது என்று கேட்டதற்கு, "ஊட்டியில போய் பேச்சுப் போட்டியில நிக்கிறது" என்றது ஒன்று, "கீழ மேட்டுப்பாளையத்துல ஹாஸ்டல்ல சேத்துருவாங்கன்னு அம்மா சொல்றது" என்றது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மார்க்.

அதோடு ஒரு பிள்ளை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது: "இத அம்மா படிப்பாங்களா?"

எனக்கு அங்கேயே அடுத்த கேள்வி வந்துவிட்டது. படிக்க மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கலாமா? அதில் ஏதாவது ஆபத்தாக எழுதியிருந்தால் என்ன செய்வது? அறிக்கைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, இந்த 46, 41-ஐ என்ன செய்வது?


குன்னூர் நிழல்:

வாக்கை அளந்து கொடுங்கள். "நீ எழுதுவதை அம்மாவிடமோ வாத்தியாரிடமோ காட்ட மாட்டோம், ஆனால் உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் உனக்கு உதவி செய்யக்கூடியவரிடம் சொல்வோம், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம்." தாளைக் கொடுப்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுங்கள். யாரிடமும் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று சொல்ல உங்களுக்குச் சட்டத்திலேயே இடமில்லை, பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். பெற்றோரின் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள், அது போதாது, பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலில் ஏழு வயதுக்கு மேல் வாய்மொழிச் சம்மதம், பன்னிரண்டுக்கு மேல் எளிய எழுத்துச் சம்மதம் என்று இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

பிஹெச்க்யூ-9 மாதிரி உயிரை விடும் எண்ணம் பற்றிக் கேட்கிற தாளைத் தயவுசெய்து யாராவது சிபாரிசு செய்தார்கள் என்று எடுத்துவிடாதீர்கள். அன்றைக்கே எல்லாத் தாளையும் படிக்க ஒருவர், அன்றைக்கே பிள்ளையோடு பேசத் தெரிந்த ஒருவர், இரண்டு பேரும் இருந்தால் மட்டும். எந்தத் தாளாக இருந்தாலும் அன்று இரவே ஒரு தடவை புரட்டுங்கள், ஓரத்தில் எழுதியதையும் சேர்த்து. தாளின் அடியில் 1098, 14416 இரண்டு எண்ணையும் அச்சடியுங்கள், முதலாவது குழந்தைகள் உதவி எண், அடுத்தது டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழில் பேசலாம். மேலே சிக்னல் கிடைக்கிற இடம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அறிக்கையில் 46, 41 இரண்டையும் அப்படியே போடுங்கள், மறைத்தால் அடுத்த வருடம் அதுவே வந்து நிற்கும். பக்கத்திலேயே நின்றுபோன 23 பேரையும் போடுங்கள். முடிந்தால் அந்த 38 பேரையும் ஒரு தடவை கூப்பிட்டு, இப்போது, முன்னால் என்று இரண்டு கட்டத் தாளைக் கொடுத்து வாங்குங்கள், கேள்விகள் அதே பத்தாக இருக்கட்டும். அந்த 3 போட்ட அம்மா பழைய நாளுக்கு எவ்வளவு போடுகிறார் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொரு விஷயம் எழுத விட்டுப்போனது. பெற்றோர் சொல்வதும் பிள்ளை சொல்வதும் பொருந்தவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 1987-இல் ஆக்கன்பாக்கும் கூட இருந்தவர்களும் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வதற்கும் உள்ள ஒட்டுறவு சராசரியாக 0.22 தான் வந்தது. 1 என்றால் அச்சாகப் பொருந்துகிறது, 0 என்றால் சம்பந்தமே இல்லை. ஒரே வீட்டு அம்மாவும் அப்பாவும் மாதிரி ஒரே இடத்திலிருந்து பார்க்கிற இரண்டு பேருக்கே 0.60 தான். அம்மா பார்ப்பது வீட்டுப் பிள்ளையை, வாத்தியார் பார்ப்பது வகுப்புப் பிள்ளையை, தாள் பொத்தலாகும்வரை அழித்துக்கொண்டிருந்தது மூன்றாவது ஒரு பிள்ளை. அதனால்தான் பெற்றோரின் நம்பிக்கை ஏறினால் பிள்ளையின் மனநலமும் அதே எட்டு வாரத்தில் ஏறிவிட வேண்டும் என்று பணம் கொடுப்பவர்கள் எதிர்பார்ப்பது எனக்குக் கொஞ்சம் அவசரமாகத் தெரிகிறது. வீட்டில் பேச்சு மாறி, அந்த மாற்றம் உண்மைதான் என்று பிள்ளை நம்ப ஆரம்பிக்கவே ஒரு பருவம் ஆகும். மூன்றாவது அளவு ஒன்றை ஆறு மாதம் கழித்து எடுக்கப் பணம் கேளுங்கள்.

ஒப்பிட ஒரு குழுவும் வேண்டும். அடுத்த ஊர்ப் பெற்றோருக்கு ஆறு மாதம் தள்ளிப் பயிற்சி என்று சொல்லிவிட்டு, அவர்களிடமும் அதே நாட்களில் அளவெடுங்கள். இலை விலை, மழை, பரீட்சை எல்லாம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே. கட்டபெட்டுக்காரர் கேட்ட ஈரக் கழிவு அதுதான்.


கட்டபெட்டு அப்பா:

அடுத்த ஊர் எது என்று சொல்லுங்கள், எங்கள் ஹட்டியாக, அதாவது எங்கள் படுகர் ஊராக இருந்தால் நான் ஆள் சேர்த்துத் தருகிறேன். அப்பாக்கள் வர வேண்டும் என்றால் சாயங்காலம் வேண்டாம், ஞாயிறு காலை, தேவைப்பட்டால் டீக்கடை வாசலிலேயே. எங்கள் எத்தையம்மன் பண்டிகை வருகிற டிசம்பர், ஜனவரி பக்கம் மட்டும் யாரும் எந்தத் தாளையும் தொட மாட்டார்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள்.


பந்தலூர் வாத்தியார்:

நாளைப் பற்றி நானும் ஒன்று. முன் அளவைக் காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரத்திலும் பின் அளவைப் பரீட்சை விடுமுறைக்குப் பிறகும் எடுத்துவிட்டு மனநலம் தேறிவிட்டது என்று எழுதியதை நான் பார்த்திருக்கிறேன், அந்த வெற்றி விடுமுறைக்குச் சேர வேண்டியது. ஜூன் முதல் வாரமும் வேண்டாம், பிள்ளைகளுக்குப் புது வகுப்பு, புது பெஞ்சு, எங்கள் பக்கம் மழை வேறு பிடித்துக்கொள்ளும். ஜூலைக்குத் தள்ளுங்கள். திங்கள்கிழமை எடுக்காதீர்கள். பதினொரு மணிக்கு முன்னால் என்றால் ஒரு பிஸ்கட்டாவது கொடுத்துவிட்டு எடுங்கள்.

பென்சிலே கொடுங்கள் தங்கச்சி, கூடவே ஆளுக்கொரு ரப்பர். பேனா கொடுத்தால் அடித்து எழுதினால் தப்பு என்று முதலில் போட்டதையே விட்டுவிடுவார்கள். தாளைத் திரும்ப வாங்கியதும் உடனே கணினியில் ஏற்ற உட்கார வேண்டாம், வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள், எங்கே அழித்திருக்கிறது என்று.